ஸ்பானிஷ் இறந்தகாலம் வாயில் சிக்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நான் கும்பகோணத்துக்காரன், சுற்றுலா வழிகாட்டி. தாராசுரம், தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் சுற்றிக் காட்டிவிட்டு ராத்திரி ஓட்டலில் இறக்கிவிடுவதுதான் பிழைப்பு. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் மார்கழி, தை மாதத்தில் வருவார்கள். ஸ்பெயின்காரர்களுக்கு ஆகஸ்ட்தான் விடுமுறை மாதம், அதனால் ஆடி வெயிலில் தொப்பியோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மொழியைப் படிக்க ஆரம்பித்தேன். வழிகாட்டிக்கு நிகழ்காலத்தில் பேச அதிகம் ஒன்றுமில்லை. கட்டினான், வந்தான், கொடுத்தான், இறந்தான், எல்லாமே முடிந்த கதை. அங்கேதான் ஸ்பானிஷ் காலை வாரும்.

முதல் வருஷம் பெரிய கோயில் வாசலில் நடந்தது இது. 'கட்டினார்' என்பதற்கு நோட்டில் 'கன்ஸ்த்ரூயோ' என்று தமிழில் எழுதி வைத்திருந்தேன். ராஜராஜன், 1010, இந்தக் கோயில் என்று எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, வினையை மட்டும் 'ரூ'வில் அழுத்திச் சொன்னேன். அப்படிச் சொன்னால் 'நான் கட்டுகிறேன்' என்று அர்த்தம். கூட்டத்தில் இருந்த ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆயிரம் வயசுக்கு உடம்பை நல்லாத்தான் வச்சிருக்கே" என்றார்.

இப்போது சாயந்திரம் நாலைந்து பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். ஆள் மாறினாலும் அதே ஏழெட்டுக் கோளாறுதான் திரும்பத் திரும்ப வருகிறது. மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்றால் எடுத்த எடுப்பிலேயே காயில் கட்டக் கொடுப்போமா? முதலில் ஃப்யூஸ், அப்புறம் கண்டன்சர், அப்புறம் ஃபுட் வால்வு. இங்கேயும் அதே வரிசையில் போகலாம். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள், முழுக்கப் படிக்க வேண்டியதில்லை.

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். சொல்லின் கடைசியில் அழுத்தம் விழுந்தால் அளபெடை போட்டிருக்கிறேன், 'அப்லோஒ' என்பது மாதிரி. ஆகவே 'தூவெ' என்று பார்த்தால் 'வெ' குறில்தான், 'வே' இல்லை.

## அறிகுறி 1: 'கட்டினார்' என்றால் அவர்களுக்குக் 'கட்டுகிறேன்' என்று கேட்கிறது

இதுதான் நம் ஆட்களின் தலையாய கோளாறு. இதைச் சரிசெய்தால் மற்றதில் பாதி தானாகவே அடங்கும்.

பேசுகிறேன் என்பது ஆப்லொ. பேசினார் என்பது அப்லோஒ. எழுத்து எல்லாம் அதேதான், அழுத்தம் மட்டும் முன்னால் விழுந்தால் ஒன்று, பின்னால் விழுந்தால் வேறு. எழுத்தில் அதைக் காட்ட உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுகிறார்கள், தீல்தெ என்று பெயர்.

காரணம் ஒன்று, செலவில்லாதது: நோட்டு. தமிழில் எழுதும்போது இரண்டையுமே 'ஆப்லோ' என்று எழுதிவிடுகிறோம். நோட்டைத் திறந்து பாருங்கள், என்னுடைய கன்ஸ்த்ரூயோ மாதிரி எத்தனை இருக்கிறதென்று. இருந்தால் மேலே நான் சொன்ன குறில், நெடில், அளபெடை முறையில் திருத்துங்கள். கட்டுகிறேன் கொன்ஸ்த்ரூயொ, கட்டினார் கொன்ஸ்த்ருயோஒ. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

காரணம் இரண்டு, நாக்கு. தமிழில் எந்தச் சொல்லும் குறில் எ, ஒ-வில் முடிவதில்லை. அதனால் 'ஆப்லொ' என்று சொல்ல நினைத்தாலும் நாக்கு 'ஆப்லோ' என்று இழுத்துவிடுகிறது. முன்னாலும் நீளம், பின்னாலும் நீளம். கேட்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்? அவருக்குத் தோன்றியதை. சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: போனில் குரல் தட்டச்சை ஸ்பானிஷுக்கு மாற்றி, நான் அவர் என்று எதையும் முன்னால் சேர்க்காமல் வினையை மட்டும் பத்துத் தடவை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அப்லோஒ சொன்னபோது சாய்கோட்டோடு விழுகிறதா, ஆப்லொ சொன்னபோது கோடில்லாமல் விழுகிறதா? பத்துக்கு ஏழு தேறினால் போதும், போனும் சில நேரம் தானாக யூகிக்கும்.

தேறவில்லையென்றால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். தட்டு விழும் இடத்தில் மட்டும் குரல் ஏறவேண்டும், மற்ற இடத்தில் விழுங்கிவிட வேண்டும். கடைசிக் குறிலை அரைகுறையாக விட்டுவிடுவது தமிழ் வாய்க்குக் கூச்சமாக இருக்கும். பத்து நாளில் பழகிவிடும்.

காரணம் மூன்றுதான் விவரமானது. ஒழுங்கான வினைகளின் இறந்தகாலத்தில் நான், அவர் இரண்டுக்கும் அழுத்தம் கடைசியில்: அப்லேஎ பேசினேன், அப்லோஒ பேசினார், கொமீஇ சாப்பிட்டேன், கொமியோஒ சாப்பிட்டார். ஒழுங்கில்லாத முக்கிய வினைகளில் அது அப்படியே தலைகீழ், அழுத்தம் முன்னால், சாய்கோடே கிடையாது: தூவெ என்றால் என்னிடம் இருந்தது, தூவொ என்றால் அவரிடம் இருந்தது, ஈசெ செய்தேன், ஈசொ செய்தார். ஒழுங்கானதை நன்றாகப் படித்த பிள்ளைதான் இங்கே 'துவேஎ', 'இசோஒ' என்று தப்பு விடும். ஆகவே நன்றாகப் படித்ததால் வந்த கோளாறு இது, பயப்பட வேண்டாம். இரண்டையும் கலந்து ஒரே மூச்சில் சொல்லுங்கள்: அப்லேஎ, தூவெ, கொமீஇ, ஈசெ, அப்லோஒ, தூவொ. தாளம் பின், முன், பின், முன் என்று மாறுவதை உடம்பு பிடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய புத்தகத்தின் நகலில் தியோ, ஃபுவே போன்ற ஓரசைச் சொற்களுக்கும் சாய்கோடு இருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அந்தக் கோட்டை 1959-லேயே எடுத்துவிட்டார்கள்.

## அறிகுறி 2: அட்டவணை மனப்பாடம், கேட்டால் வாய் திறக்காது

சுவாமிமலையிலிருந்து ஒரு தம்பி வருகிறான், வீட்டில் பஞ்சலோகச் சிலை வார்க்கிற குடும்பம். "அண்ணே, தெனேர் முழுக்க மனப்பாடம்" என்றான். சரி, 'அவர்களிடம் இருந்தது' சொல்லு என்றேன். கண்ணை மேலே ஏற்றினான், உதடு அசைந்தது, தூவெ, துவீஸ்தெ, தூவொ, துவீமொஸ் என்று படிப்படியாக இறங்கி வந்து ஒருவழியாக 'துவியேரொன்' என்று முடித்தான். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிக்கிற பையன்கள் உண்டல்லவா, அதே கதை.

சோதனை: இன்னொருவரை விட்டு வரிசை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் போனால் உங்களுக்குத் தெரிந்திருப்பது பாட்டு, வினை இல்லை.

எளிய வைத்தியம், அட்டவணையையே குறைப்பது. லத்தீன் அமெரிக்காவில் 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு வொசோத்ரொஸ் வரிசை பேச்சில் கிடையாது. ஸ்பெயினில் உண்டு, ஆனால் அது நட்பாகப் பேசிக்கொள்கிறவர்களுக்கு. வந்த விருந்தாளியை நாம் மரியாதையாக உஸ்தேத் என்றுதான் கூப்பிடப் போகிறோம், அதற்கு வினை 'அவர்' வரிசையிலேயே வரும். அப்படியானால் எனக்கு அன்றாடம் வேண்டியது மூன்றே கட்டம்: நான், அவர், அவர்கள். மற்றதை அந்த மூன்றும் பழகின பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தேர்வு எழுதுகிறவர்கள் என்னைத் திட்டவேண்டாம், உங்களுக்கு ஆறும் வேண்டும், ஆனால் வரிசை இதுதான்.

அடுத்தது, மூன்று கட்டத்தையும் ஏதாவது ஒரு வாக்கியத்தில் கட்டிப்போடுவது. தார், கொடுப்பது என்ற வினைக்கு எனக்குக் கிடைத்தது பெரிய கோயில் கல்வெட்டு. நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டச் சொல்லி ராஜராஜன் ஆணையிட்டது இருக்கிறதே, அதை அப்படியே ஸ்பானிஷில் சொல்லிப் பாருங்கள். நான் கொடுத்தது லொ கெ தீ. அக்கன் குந்தவை கொடுத்தது லொ கெ தியோ. பெண்டுகள் கொடுத்தது லொ கெ தியேரொன். மற்றவர்கள் கொடுத்தது, மறுபடியும் தியேரொன். ஒரே வாக்கியத்தில் மூன்று கட்டமும் வந்துவிட்டது, அதுவும் கல்லில் வெட்டி வைத்த வாக்கியம். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு என் திண்ணையில் யாரும் தார் வினையில் தடுமாறியதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பயிற்சி ஏடு என்று சொன்னால் விருந்தாளிகளும் சிரிக்கிறார்கள்.

## அறிகுறி 3: ஒழுங்கு விகுதி தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது

தெனீஇ, அசீஇ, அந்தேஎ என்றெல்லாம் வருகிறதா? வேர்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு விகுதியை ஒட்டுகிறீர்கள். கடைசிச் சொல்லில், அதாவது 'நடந்தேன்' என்பதில், ஸ்பெயின்காரர்களே வழுக்குவார்கள். சரியானது அந்தூவெ.

இதற்கு அட்டவணை வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும். வா என்பதற்கு இறந்தகாலம் சொல்லும்போது யாராவது 'வாவினேன்' என்கிறோமா? வா உள்ளே போய் வந்த் என்று ஒன்று வெளியே வருகிறது, அதோடு ஏன், ஆர், ஆர்கள் சேர்கிறது. கேள் என்பது கேட்ட், நில் என்பது நின்ற், சொல் என்பது சொன்ன். ஸ்பானிஷும் இதையேதான் செய்கிறது. வெனீர் (வருவது) உள்ளே போய் வின் வெளியே வருகிறது: வீனெ வந்தேன், வீனொ வந்தார், வினியேரொன் வந்தார்கள். இந்த மாதிரி அடி மாறும் வினைகளுக்கு விகுதிகள் ஒன்றேதான் (ஒரு சின்ன விலக்கு அறிகுறி 4-இல் வரும்): நான் எ, அவர் ஒ, அவர்கள் இயேரொன்.

ஆகவே மனப்பாடம் செய்யவேண்டியது வெளியே வரும் அந்த அடியை மட்டும். எத்தனை இருக்கின்றன? பயப்படும் அளவுக்கு இல்லை. ஒலியை வைத்து மூன்று கட்டாகக் கட்டி வைத்தால் இப்படி வரும்.

உகரக் கட்டு, எட்டு வினை. தெனேர் (நம்மிடம் இருப்பது) துவ், எஸ்தார் (ஓரிடத்தில் இருப்பது) எஸ்துவ், அந்தார் (நடப்பது) அந்துவ், இந்த மூன்றும் அண்ணன் தம்பி. பொதேர் (முடிவது) புத், பொனேர் (வைப்பது) புஸ், சபேர் (தெரிவது) சுப், கபேர் (கொள்ளுவது, அதாவது பைக்குள் கொள்ளும், கொள்ளாது என்கிறோமே அது) குப், அபேர் (உண்டு என்பது) உப். கடைசியானது பெரும்பாலும் ஊபொ என்ற ஒரே வடிவத்தில்தான் வேலைக்கு வரும். ஒரு திருவிழா நடந்தாலும் ஊபொ, நூறு திருவிழா நடந்தாலும் ஊபொ.

இகரக் கட்டு, மூன்று. அசேர் (செய்வது) இஸ், கெரேர் (விரும்புவது) கிஸ், வெனீர் வின்.

ஹகரக் கட்டு, தெசீர் (சொல்வது) திஹ், த்ரயேர் (கொண்டுவருவது) த்ரஹ், அப்புறம் துசீர் என்று முடியும் ஒரு குடும்பம், த்ரதுசீர் (மொழிபெயர்ப்பது) போல, அதற்கு துஹ்.

கூட தார் (கொடுப்பது), சேர் (ஆக இருப்பது), ஈர் (போவது) மூன்றையும் தனியாக வைத்தால் அடிப்படை 17. மன்தெனேர், கொம்பொனேர் போல முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறவை தாய்வினை போன வழியிலேயே போகும்.

சோதனை: 17 துண்டுக் காகிதத்தில் வினையை எழுதிக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்ததும் அடியை மட்டும் சொல்லுங்கள், விகுதி வேண்டாம். அடி வருகிறது, விகுதி தடுக்குகிறது என்றால் அறிகுறி 2-க்குப் போங்கள். அடியே வரவில்லை என்றால் அந்த வினையை நீங்கள் இதுவரை ஒரு வாக்கியத்தில்கூடப் பயன்படுத்தியதில்லை என்று பொருள். மனப்பாடம் உதவாது, அதை வைத்து உங்கள் வீட்டைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதுங்கள். கபேர் இதில் கடைசியாக வந்தால் போதும், எனக்கே வருஷத்தில் ஒரு தடவைதான் தேவைப்படுகிறது, அதுவும் வண்டியில் பெட்டி கொள்ளாதபோது.

## அறிகுறி 4: 'சொன்னார்கள்' என்றதும் முகம் சுளிக்கிறார்கள்

ஒரே காரணம், செலவில்லை. ஹகரக் கட்டில் 'அவர்கள்' விகுதியில் இருக்கும் இகரம் விழுந்துவிடும். திஹியேரொன் இல்லை, திஹேரொன். த்ரஹியேரொன் இல்லை, த்ரஹேரொன்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் தினமும் இதற்குப் பயிற்சி நடக்கும். ராஜேந்திரன் கங்கை நீரைக் கொண்டுவந்தான், த்ராஹொ. சோழர்கள் கொண்டுவந்தார்கள், த்ரஹேரொன். முடிந்தது.

## அறிகுறி 5: 'நான்' சரி, 'அவர்' மட்டும் தப்பு

மொரீர் என்றால் இறப்பது. 1014-இல் ராஜராஜன் இறந்தான் என்று சொல்ல வாய் திறந்தால் 'மொரியோஒ' என்று வருகிறதா? முரியோஒ என்று வரவேண்டும்.

காரணம்: ஈர் என்று முடியும் வினைகளில் நிகழ்காலத்தில் உயிரெழுத்து புரளுகிறவை இறந்தகாலத்திலும் கொஞ்சம் புரளும், ஆனால் அவர், அவர்கள் என்ற இரண்டு கட்டத்தில் மட்டும். எகரம் இகரமாகும், ஒகரம் உகரமாகும். பெதீர் (கேட்டு வாங்குவது) பிதியோஒ, தொர்மீர் (தூங்குவது) துர்மியோஒ. நான் கேட்டேன், நான் தூங்கினேன் என்றால் பெதீஇ, தொர்மீஇ, புரளாது. ஆர், ஏர் என்று முடிகிறவை நிகழ்காலத்தில் புரண்டாலும் இங்கே இப்படிப் புரளாது, அதனால் அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நம் பிள்ளைகள் 'நான்' வடிவத்தையே சொல்லிச் சொல்லிப் பழகுவதுதான் இங்கே சிக்கல். வகுப்பில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், காலையில் எழுந்தேன், தோசை சாப்பிட்டேன் என்று. அப்புறம் 'அவர்' எங்கிருந்து வரும்? சுவாமிமலைத் தம்பிக்கு நான் கொடுத்த வேலை, அவன் அப்பா சிலை வார்த்ததை அவர் கோணத்தில் சொல்வது. அப்பா மெழுகில் உருவம் செய்தார், ஈசொ. அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிவைத்தார், பூசொ. அடுப்பில் காட்டியதும் மெழுகு உருகியது, இங்கேதான் தெர்ரெத்தீர் என்ற வினை, செ தெர்ரித்தியோஒ என்று இகரமாகப் புரளும். உலோகத்தைக் கேட்டு வாங்கினார், பிதியோஒ. உருக்கி ஊற்றினார், ஆறவைத்தார், மண்ணை உடைத்தார், இதில் சில ஒழுங்கு வினை, கலந்து வருவது நல்லதுதான். மூன்றாம் நாள் அவன் பட்டறை வாசலிலேயே நின்று ஒரு தம்பதிக்கு இதைச் சொன்னான். மெழுகு உருகும் இடத்தில் மட்டும் ஒரு விநாடி நின்றான், விரலை மடக்கினான், சரியாகச் சொன்னான்.

## அறிகுறி 6: ஃபுய் என்றால் போனேனா, இருந்தேனா?

இரண்டும்தான். சேர் (ஆக இருப்பது), ஈர் (போவது) இரண்டுக்கும் இறந்தகாலம் ஒரே வடிவம்: ஃபுய், ஃபுவே, ஃபுவேரொன். இது கோளாறே இல்லை. பின்னால் 'அ' என்று இடத்தைக் காட்டும் சொல் வந்தால் பெரும்பாலும் போனதுதான். 'ஃபுவே ரெய்' என்றால் அரசனாக இருந்தான், 'ஃபுவே அ தஞ்சாவூர்' என்றால் தஞ்சாவூருக்குப் போனான். நம்மிடம் ஆறு நதியும்தான், எண்ணும்தான். யாராவது குழம்புகிறோமா?

## அறிகுறி 7: வடிவம் சரி, உச்சரிப்பு சரி, ஆனாலும் அவர்கள் வேறெதையோ புரிந்துகொள்கிறார்கள்

இதுதான் காயில் எரிந்த கேஸ். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு. ஒன்று நடந்து முடிந்ததைச் சொல்வது, இவ்வளவு நேரம் பேசியது அது. இன்னொன்று நடந்துகொண்டிருந்ததையும் வழக்கமாக நடந்ததையும் சொல்வது, அதில் ஒழுங்கில்லாத வினை மூன்றே மூன்று: ஏர, ஈப, வெஈய (இருந்தது, போய்க்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருந்தது). வடிவம் சுலபம், எப்போது எது என்பதுதான் வில்லங்கம்.

முதல் சோதனையைத் தமிழிலேயே செய்யுங்கள். தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது "அப்பல்லாம் தாத்தா காவிரியிலதான் குளிப்பார்" என்போம். காலம் போனது, வினை பார்த்தால் எதிர்காலம் மாதிரி இருக்கிறது. அப்படி 'ப்பார், வார்' என்று வாய் போகிற இடமெல்லாம் ஸ்பானிஷில் இரண்டாவது வகை. "குளித்துக்கொண்டிருந்தார்" என்று வந்தாலும் இரண்டாவது வகை. "அன்றைக்குக் குளித்தார், தண்ணீர் திறந்துவிட்டதால் பாதியில் கரையேறினார்" என்று நறுக்கென்று வந்தால் முதல் வகை. முக்கால்வாசி வாக்கியத்துக்கு இந்த ஒரு சோதனை போதும், இலக்கணப் புத்தகத்தைவிட உங்கள் பாட்டி பேச்சு இங்கே உதவும்.

தமிழ் கைவிடும் இடம் 'இருந்தார்', 'இருந்தது'. அது இரண்டுக்கும் பொது. அங்கே கேட்கவேண்டிய கேள்வி, இத்தனாம் வருஷத்திலிருந்து இத்தனாம் வருஷம் வரை என்று வரப்பு கட்ட முடிகிறதா என்பது. 985 முதல் 1014 வரை ராஜராஜன் அரசனாக இருந்தான் என்றால் வரப்பு கட்டியாயிற்று, ஃபுவே. அவன் அரசனாக இருந்தபோது கோயில் எழுந்தது என்றால் அரசனாக இருந்தது பின்னணி, ஏர. கோயில் எழுந்ததுதான் சம்பவம், அதற்கு முதல் வகை.

இதைவிட வம்பானது, வகை மாறினால் அர்த்தமே மாறும் சில வினைகள். சபீய என்றால் எனக்குத் தெரிந்திருந்தது, சூப்பெ என்றால் எனக்குத் தெரியவந்தது. கொனொசீய என்றால் பழக்கம் இருந்தது, கொனொசீஇ என்றால் அன்றுதான் அறிமுகமானேன். பொதீய என்றால் செய்ய முடியும் நிலையில் இருந்தேன், செய்தேனா என்பது வேறு விஷயம். பூதெ என்றால் முடிந்தது, செய்துமுடித்தேன்.

எனக்குச் சூடு போட்டது கெரேர். ஒரு குழுவோடு வந்த பெண்மணி, முந்தின நாள் ஏன் நீங்கள் பூம்புகாருக்கு எங்களோடு வரவில்லை என்று கேட்டார். வர மனமில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்ல நினைத்து 'நோ கீசெ ஈர்' என்றேன். வடிவம், உச்சரிப்பு எல்லாம் சுத்தம். ஆனால் அதற்கு அர்த்தம், 'கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்று மறுத்துவிட்டேன்'. அன்று முழுக்க அவர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. 'நோ கெரீய ஈர்' என்றிருந்தால் உடம்புக்கு என்ன என்று விசாரித்திருப்பார்.

பயிற்சிக்கு நான் எடுப்பது தரங்கம்பாடி. கடலோரத்தில் மீனவர்கள் இருந்தார்கள், வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டும் பின்னணி, இரண்டாவது வகை. 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், வினியேரொன். கோட்டை கட்டினார்கள், கொன்ஸ்த்ருயேரொன். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள், வெந்தியேரொன். பத்து வாக்கியம் இப்படி எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏன் இந்த வகை என்று பக்கத்தில் தமிழில் காரணம் எழுதுங்கள். காரணம் எழுத வராத வாக்கியங்களைத் தனியாக எடுத்து வையுங்கள், கீழே தேவைப்படும்.

## அறிகுறி 8: படித்தது ஒன்று, அவர்கள் பேசுவது ஒன்று

இன்று காலை கோயிலுக்குப் போனேன் என்பதற்கு நீங்கள் ஃபுய் என்கிறீர்கள், மாட்ரிட்காரர் 'எ ஈதொ' என்கிறார். உங்கள் தப்பு இல்லை. ஸ்பெயினில் பெரும்பகுதியில் இன்றைக்கு நடந்ததற்கு அந்த வடிவத்தைத்தான் எடுப்பார்கள், மெக்சிகோ, அர்ஜென்டினா பக்கம் ஃபுய் என்றே போய்விடுவார்கள். ஈசொ என்பதை ஸ்பெயின்காரர் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து 'ஈதொ' மாதிரி சொல்வதும் இதே கணக்கு. எதையும் பிரித்துப் போட்டுச் சரிசெய்யாதீர்கள்.

## எப்போது ஆசிரியரிடம் போவது

அறிகுறி 1 முதல் 6 வரை உள்ளதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினேன். அங்கே செய்ததெல்லாம் அட்டவணையைப் பலகையில் எழுதிப்போட்டு, எங்களைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னதுதான். அதைப் பத்து ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம்.

அறிகுறி 1-க்குத் தாளம், போன் எல்லாம் பார்த்து ஒரு மாதம் ஆகியும் பத்துக்கு நாலுகூடத் தேறவில்லையென்றால் காது பழகவில்லை. ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவரிடம் நாலைந்து மணிநேரம் உட்காரவேண்டும், இணையத்தில் ஆள் கிடைப்பார்கள். இலக்கணம் கேட்காதீர்கள், நான் சொல்வது இதுவா அதுவா என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

அறிகுறி 7 இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தால் கட்டாயம் தேர்ந்த ஆசிரியர் வேண்டும். தாய்மொழியாகப் பேசுகிறவருக்குக் காதால் சரி தப்பு தெரியும், ஏன் என்று பெரும்பாலும் சொல்ல வராது, நாம் 'குளிப்பார்' என்பதற்குக் காரணம் சொல்லத் திணறுவது மாதிரிதான். தெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தாலும் ஆசிரியரிடம் போவது நல்லது, அதை நடத்துவது ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம், அதன் இந்தியக் கிளை புது தில்லியில் இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஒரு தடவை செலவழித்தால் போதும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். காரணம் எழுத வராமல் எடுத்துவைத்த அந்த வாக்கியங்கள், மூன்று நிமிடம் நீங்கள் பேசிய ஒலிப்பதிவு, இரண்டையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அதைக் கேட்காமல் எடுத்ததும் ஆறு கட்ட அட்டவணையை விரித்தால் ஆளை மாற்றுங்கள்.